சில்வர் பெயிண்டின் அடியில் இருந்த மஞ்சள் கோடு

திருவண்ணாமலை நீதித்துறை நடுவர் முன்பாக, சாட்சி தாமே முன்வந்து அளித்த வாக்குமூலம்.

சாட்சியின் பெயர் அருணகிரி. தகப்பனார் பெயர் ராமகிருஷ்ணன், காலமானவர். வயது எழுபத்து மூன்று. தொழில் விவசாயம். இருப்பிடம் அடி அண்ணாமலை கிராமம், கோயிலுக்குப் பின்புறத் தெரு.

யாருடைய தூண்டுதலாலோ அச்சுறுத்தலாலோ பேச வந்தேனா என்று நடுவர் கேட்டார், இல்லை என்றேன். நான் சொல்லப்போவது என் மகனுக்கு எதிராக அமையலாம் என்பது தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றேன். அதன் பிறகு ஆண்டவன் பெயரால் உறுதி கூறிச் சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் என் மகன் கலையரசனுடனும் மருமகள் ரேவதியுடனும் வசித்து வருகிறேன். என் மனைவி ராஜம்மாள் உயிருடன் இல்லை. பகலில் நிலத்தைப் பார்த்துக்கொள்வதும், மாலைப் பூசையின்போது ஊர்க் கோயிலில் பதிகம் ஓதுவதும் என் வழக்கம். என் மகன் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். கிரிவலப் பாதையில் உள்ள கடைகளுக்குத் தண்ணீர் பாட்டில், குளிர்பானம் முதலியவற்றை ஏற்றி இறக்குவது அவன் தொழில். எங்கள் குடும்பம் அந்த வண்டியால்தான் நடக்கிறது.

இந்த வழக்கில் கைதாகிச் சிறையில் இருக்கும் இளவரசன், செங்கம் சாலையில் கொட்டகை அமைத்து வண்டி மெக்கானிக்காகத் தொழில் செய்பவர். அவரும் என் மகனும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

கடந்த ஆவணி மாதக் கடைசியில் எங்கள் வண்டியின் பின் அச்சில் வெடிப்பு விழுந்து எண்ணெய் கசிந்தது. வெல்டிங் வைத்தால் தாங்காது, அச்சையே மாற்ற வேண்டும் என்று இளவரசன் சொன்னார். புதிய அச்சு எங்கள் வசதிக்கு எட்டாததால், போளூர் பக்கத்தில் ஒரு காயலான் கடையில் அதே ரகத்து வண்டி விபத்தில் கவிழ்ந்து கிடப்பதை விசாரித்து அறிந்து, என் மகன் அதை முழுதாக வாங்கிக் கிரேனில் தூக்கிவந்து எங்கள் களத்தில் இறக்கினான். அதன் முன்பக்கம் மூக்குமுதல் இருக்கைவரை அமுங்கியிருந்தது. ஓட்டி வந்தவர் அதிலேயே இறந்துபோனதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். இருக்கை உறையில் கறை இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதற்குக்கூட ரேவதி அன்றுமுதல் களத்தின் பக்கம் வரவில்லை.

அதன் பிறகு இளவரசன் எங்கள் களத்துக்கே வந்து வேலை செய்தார். நான் புளியமர நிழலில் கட்டில் போட்டு அமர்ந்து முழுவதையும் பார்த்தேன். இரண்டு வண்டிகளின் பின்புறத்தையும் தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்தினார். கவிழ்ந்த வண்டியின் பின் அச்சையும், அதன்மேல் அமரும் இரும்புப் பட்டைகளையும், பிரேக் டிரம்களையும் கழற்றி, டீசலில் கழுவி, பேரிங்குகளை மாற்றி எங்கள் வண்டியில் பொருத்தினார். அச்சையும் பட்டைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் வளைந்த போல்ட்டுகள் உண்டு. அவற்றை யூ போல்ட் என்கிறார்கள். மற்றவை பழையவையாக இருக்கலாம், இவை ஆகாது என்று சொல்லி, அவற்றையும் அவற்றின் நட்டுகளையும் புதிதாக வாங்கி வரச் செய்தே மாட்டினார். இறந்தவருடைய இருக்கைக்குமேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்கினார் என்பதையும் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் இளவரசன் என்னையும் அருகே அழைத்தார். "பெரியவரே, நீங்களும் காதுல வாங்கிக்கங்க, இவன் மறந்துடுவான். பட்டை இன்னும் ஒக்காரல. லோடு ஏத்தி நாலு நடை ஓடினா ஒக்காரும். அப்போ நட்டு லூஸ் குடுக்கும். திரும்பி எடுத்தாந்து ஒரு தரம் டைட் வச்சே ஆகணும்" என்றார்.

அதன் பிறகு ஒரு சிறு டப்பாவில் இருந்த மஞ்சள் பெயிண்டைத் தொட்டு, ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் அதன் அடியில் உள்ள தகடுவரை ஒரே நேர்க்கோடாக இழுத்தார். "தெனம் வண்டி எடுக்க முன்ன குனிஞ்சு இத பாரு, கலை. கோடு நேரா இருந்தா போ. நட்டு மேல இருக்கறது ஒரு பக்கம், தகட்டு மேல இருக்கறது ஒரு பக்கம்னு வெலகி இருந்தா சாவியத் தொடாத. எனக்கு போன் பண்ணு" என்றார்.

என் மகன், "ஆமாண்டா, பொண்ணு பாக்கறாப்ல தெனம் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறேன்" என்று சிரித்தான். அதற்கு இளவரசன், "பொண்ணு ஏமாத்தினா தப்பிச்சுக்கலாம். இது ஏமாத்தினா எங்கடா போவ?" என்றார். மூவரும் சிரித்தோம்.

அதன் பிறகு என் மகன் வண்டியை எடுத்து ஓட்டினான். முதலில் சில நாட்கள் அவன் காலையில் குனிந்து பார்த்ததை நான் கண்டேன். இதற்கிடையே, டீக்கடையில் எங்கள் பக்கத்து வீட்டுச் சுப்பிரமணி பலர் முன்னிலையில், "என்னா கலை, பொணத்து எலும்ப எடுத்து மாட்டிக்கினு சுத்துற? ஒரு நாளைக்கு அது பாட்டுக்கும் போளூருக்கே திரும்பிப் போய்டப் போவுது, பாத்துக்க" என்று கேலி பேசினார். என் மகன் அன்று வீட்டுக்கு வந்து சோறு உண்ணவில்லை. ரேவதியும், அந்த வண்டியில் இனி ஏற மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் என் மகன் ஒரு டப்பா சில்வர் பெயிண்டும் பிரஷும் வாங்கிவந்தான். வண்டியைக் கழுவி, அச்சு, பட்டைகள், யூ போல்ட்டுகள், நட்டுகள் என்று கவிழ்ந்த வண்டியிலிருந்து வந்த இரும்பும் புதிய இரும்பும் வேறுபாடு தெரியாதபடி முழுவதும் பூசினான். மஞ்சள் கோடுகளும் அதனுள் மறைந்தன. நான் அதைக் கண்டு, "இளவரசன் போட்ட கோடு என்ன ஆவது?" என்று கேட்டேன். அவன், "சாமி கும்புடற அன்னிக்கு செத்த வண்டி துருவோடவா நிக்க வைக்கறது நைனா? பூச முடியட்டும், அவன்கிட்ட போய் வேற கோடு போட்டுக்கறேன்" என்றான்.

மறுநாள் வண்டிக்கு மாலை சாற்றிப் பூசணிக்காய் உடைத்தோம். எனக்குக் குனிய இயலாததால் மணை போட்டு அமர்ந்து, சக்கரங்களிலும், அடியில் கைக்கு எட்டிய நட்டுகளிலும் சந்தனமும் குங்குமமும் என் கையாலேயே இட்டேன். அச்சு மாற்றிய பின் ரேவதி அன்றுதான் முதன்முறையாக வண்டியில் ஏறி அமர்ந்தாள். மகன் அவளைத் தெருமுனைவரை கொண்டுபோய்த் திரும்பி வந்தான். அவன் முகம் அன்று தெளிந்திருந்தது.

ஆயுத பூசையன்று இளவரசனும் தம் கருவிகளைப் பூசையில் வைத்துவிட்டபடியால் கொட்டகை மூடியிருந்தது. விசயதசமிக்கு மறுநாள் காலை அவர் என் மகனுக்குத் தொலைபேசியில் பேசினார். மகன் பல் துலக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் இரு பக்கப் பேச்சும் எனக்குக் கேட்டது.

"கலை, கோடு பாத்தியா?"

"பாத்தேன். நேராத்தான் இருக்குது."

"எல்லா நட்டும் பாத்தியா?"

"எல்லாந்தான்டா."

"சரி, இன்னிக்கு எடுத்துக்கினு வா. அரை மணி வேல. டைட் வச்சு அனுப்பிடறேன்."

"பௌர்ணமி லோடு ஓடிக்கினு இருக்குது. முடிச்சுட்டு வரேன்."

"அப்போ கம்மியா ஏத்து. சொல்லிட்டேன்."

தொலைபேசி அடங்கியதும் நான் என் மகனிடம், "கோடே வெளியில் தெரியவில்லையே, எதைப் பார்த்தாய்?" என்று கேட்டேன். அவன், "விடுங்க நைனா. அவனுக்கு எல்லாத்துக்கும் பயம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால், முந்தின நாளே எல்லாக் கடைகளுக்கும் சரக்கு சேர வேண்டியிருந்தது. அன்று பிற்பகல் வண்டி நிறையத் தண்ணீர் பாட்டில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மகன் புறப்பட்டான். கோயிலில் இறங்கிக்கொள்வதற்காக நானும் முன் இருக்கையில் அமர்ந்து சென்றேன். வண்டி வேகமாகச் செல்லவில்லை. குளத்தை ஒட்டிய திருப்பத்தில் பின்னால் இரும்போடு இரும்பு அறைந்தது போன்ற ஓசை கேட்டது. அதன் பிறகு வண்டியின் முன்பக்கம் பாதையோடு போக, பின்பக்கம் தன் போக்கில் இடப்புறம் விலகிற்று. மகன் பிரேக்கை மிதித்தான், ஸ்டியரிங்கைத் திருப்பினான். எதற்கும் வண்டி கட்டுப்படாமல் பாதையை விட்டு இறங்கி, வேப்ப மரத்தடியில் பூக்கூடையுடன் அமர்ந்திருந்த ஜோதியம்மாள் மீது ஏறி, மரத்தில் மோதி நின்றது.

ஜோதியம்மாளை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். மாலைப் பூசைக்கு அவரிடம்தான் பூ வாங்குவேன். முந்தின நாள்கூட, "இன்னிக்கு மல்லி கம்மி பெரியவரே. அரளி ஜாஸ்தியா வச்சிருக்கேன், உங்க சாமி கோச்சுக்காது" என்று சொல்லி இலையில் கட்டிக் கொடுத்தார். சம்பவத்தின்போது யாருக்கோ பூவை முழம் போட்டுக்கொண்டிருந்தார். பூ வாங்க நின்றவர் விலகிக் குதித்துவிட்டார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது ஜோதியம்மாளின் இடக்கை முழம் போட்ட நிலையிலேயே நீட்டியிருந்தது. சரம் முழங்கைவரை வந்திருந்தது. ஆம்புலன்சில் ஏற்றிச் சென்றார்கள். உயிர் முன்பே பிரிந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அதன் பிறகு காவல் நிலையத்தில் என் மகன், இளவரசன் பழைய அச்சை அரைகுறையாக மாட்டிக் கொடுத்துவிட்டதாகவும், திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றோ கோட்டைப் பார்க்க வேண்டும் என்றோ எதுவும் சொல்லவில்லை என்றும் எழுதிக் கொடுத்தான். நான் அருகில் பெஞ்சில் அமர்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வண்டியைச் சோதித்தபோது வலப்புறத்து யூ போல்ட் நட்டுகள் கழன்று விழுந்துவிட்டதும், இடப்புறத்தில் இரண்டு மட்டும் எஞ்சியிருப்பதும் தெரியவந்தது. மஞ்சள் கோடு போட்டதாக இளவரசன் திரும்பத் திரும்பச் சொன்னார். எஞ்சிய நட்டுகளில் சந்தனப் பொட்டையும் சில்வர் பெயிண்டையும் தவிர எதுவும் காணப்படாததால் அவர் சொன்னது பொய்யாகக் கருதப்பட்டது.

அவர் சிறைக்குப் போன பின் அவர் மனைவி அன்புச்செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் நின்றபடி, "பெரியவர் பக்கத்துலதான் இருந்தாரு, அவரு பாத்தாருன்னு இவரு சொல்லிக்கினே இருக்காருங்க. நீங்க சாமி பாட்டு பாடறவரு. பாத்தீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்" என்றார். என் மகன் உள்ளிருந்து, "நைனா, உள்ள வாங்க" என்றான். நான் உள்ளே போய்விட்டேன். அவர் பொழுது சாயும்வரை வாசலிலேயே நின்றிருந்ததாக ரேவதி பிறகு சொன்னாள்.

அன்று மாலை கோயிலில் பதிகம் தொடங்கினேன். முதல் அடி வந்தது. இரண்டாம் அடி வரவில்லை. இளமைமுதல் ஓதிவரும் பதிகம் அது. குருக்கள் எடுத்துக் கொடுத்தார். அப்போதும் நா எழவில்லை. மறுநாளும் அவ்வாறே ஆயிற்று. அதன் பிறகு நான் மாலையில் கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

நேற்று என் மகனிடம், நடந்ததை நீதிமன்றத்தில் சொல்லப் போகிறேன் என்று தெரிவித்தேன். அவன், "சொல்லுங்க. வண்டியும் போச்சு, நானும் உள்ள போறேன். ரேவதிக்கு நீங்களே பதிகம் பாடி சோறு போடுங்க" என்றான். சற்றுப் பொறுத்து, "அந்த நட்டுக்குப் பொட்டு வச்சது யாரு நைனா? நீங்கதானே?" என்று கேட்டான். நான்தான் என்றேன்.

அவன் மாட்டுக் கொட்டகை எரவாணத்தில் செருகி வைத்திருந்த சில்வர் பெயிண்ட் டப்பாவையும் காய்ந்துபோன பிரஷையும் இன்று பையில் கொண்டுவந்து நடுவரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

எஞ்சியுள்ள இரண்டு நட்டுகளையும் என் முன்னிலையில் சுரண்டிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். முதலில் நான் இட்ட சந்தனம் வரும். அதன் அடியில் சில்வர் பெயிண்ட் வரும். அதன் அடியில் இளவரசன் இழுத்த மஞ்சள் கோடு இருக்கும். அது இருக்குமானால் அவர் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டுகிறேன். சில்வர் பெயிண்டும் மஞ்சள் கோடும் ஒன்றாகவே விலகியிருந்தால், பெயிண்ட் பூசிய பிறகுதான் நட்டு தளர்ந்தது என்றும், என் மகன் அறியாமல் செய்தான் என்றும் ஆகும். மேலே பெயிண்ட் பிளவில்லாமல் இருந்து, அடியில் கோடு மட்டும் விலகியிருந்தால், விலகியதைக் கண்ட பிறகே அவன் அதை மூடினான் என்று ஆகும். இரண்டில் எது என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான் என்றும், அதை நான் நம்பியிருப்பேன் என்றும் எனக்குத் தெரியும். ஆகையால் கேட்காமலே வந்தேன்.

மேலே எழுதப்பட்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் அன்றி இதில் ஏதும் இல்லை. கூட்டியதும் மறைத்ததும் இல்லை. வாசிக்கும்போது ஓரிடத்தில் "கலையரசன் என்ற நபர்" என்று எழுதப்பட்டிருந்ததை "என் மகன் கலையரசன்" என்று திருத்தும்படி கேட்டுக்கொண்டேன். அவ்வாறே திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின் அருகில் ஒருமுறையும், கீழே ஒருமுறையும் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ரா. அருணகிரி