வண்டிக்குள் வந்த குரல்

காரில் எனக்கு முன் சீட்டுதான் ஒத்துக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும். என் மருமகள் கோகிலவாணி இதை நம்பவே மாட்டாள். முன்னால் உட்கார ஆசை, அதற்கொரு சாக்கு என்பாள். அவளைப் பற்றி இனிமேல் குறை சொல்வது நன்றாக இருக்காது. ஆனால் ஒன்று விடாமல் சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சொல்கிறேன்.

என் மகன் மாதவராஜ் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். அவன் செல்லில் இருக்கிற பாட்டு, ஒயர் எதுவும் இல்லாமலே வண்டி ஸ்பீக்கரில் பாடும். யாராவது போன் செய்தால் பாட்டு நின்றுவிடும். பேசுகிறவர் குரல் நாலு கதவிலிருந்தும் வரும். எனக்கு அது ஆகாது. வண்டியில்தான் மகன் கைக்குக் கிடைப்பான். நான் ஒரு பேச்சை எடுப்பேன், பாதியிலேயே மருமகள் குரல் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் நான் இருப்பது தெரியாமல் பேசினாள்.

"உங்கப்பாவ வண்டியில பீடி குடிக்க வேணாம்னு சொல்லுங்க. சவாரிக்கு வர்றவங்க இது காரா, சுடுகாடான்னு கேக்கறாங்க."

அவன் சிரித்தான். பக்கத்தில் அப்பா இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சிரித்தான்.

ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல் போனோம். செத்துப்போன என் வீட்டுக்காரி ஜானகியம்மாளுக்கு அவன் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். மருமகளுக்கு எட்டாம் மாதம், அதனால் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். ஏரியூரைத் தாண்டி, காட்டு நடுவில் எங்கள் வீடு. அக்கம்பக்கத்தாரும் அன்றைக்கு ஆற்றுக்குத்தான் போயிருந்தார்கள்.

முழங்கால் வலி, என்னால் படி இறங்க முடியாது. மகன் ஏசியைப் போட்டு, பாட்டு வைத்து, என்னை வண்டியில் உட்காரவைத்தான். நனைந்துவிடும் என்று செல்லையும் சார்ஜில் விட்டுப் போனான்.

"யாராச்சும் கூப்ட்டா இந்தப் பச்சைய அமுத்திப் பேசுங்கப்பா. வேணாம்னா செவப்பு."

கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. பச்சையை அமுக்கினேன்.

"என்னங்க, ரத்தமா போவுதுங்க. நிக்கவே மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க."

"நான்தாம்மா."

"மாமா, அவருகிட்ட சொல்லுங்க மாமா. இல்லன்னா நான் நூத்தியெட்டுக்குப் போன் பண்றன்."

"வேணாம். அவனும் நானும் கெளம்பிட்டோம். வந்துக்கினே இருக்கறோம். கம்முனு படு."

"சரிங்க மாமா."

நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அவள் மறுபேச்சு பேசாதது அதுதான் முதல் தடவை.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிள்ளை பிறந்த சேதி காதில் விழுந்தால் தகப்பனுக்குத் தீட்டு. தீட்டோடு தர்ப்பணம் கொடுக்கக் கூடாது. காதில் விழாதவரை தீட்டு இல்லை, எங்கள் பக்கம் அப்படித்தான். ஆம்புலன்ஸ் வந்தால் புருஷன் எங்கே என்று கேட்பார்கள், ஆற்றுக்கு வந்திருக்கிற அக்கம்பக்கத்தார் யாருக்காவது போன் போட்டுச் சொல்வார்கள், பாதியில் எழுந்து ஓடிவருவான். ஜானகி ஒரு வருஷம் பட்டினி கிடப்பாள். அவளுக்கு ஒரே மகன். இது நியாயம்தானே? ரத்தம் என்று அவள் சொன்னதையும் நான் முழுசாக நம்பவில்லை. எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

மீதி உங்களுக்குத் தெரியும். நாங்கள் வீடு போனபோது அவள் வாசற்படியை ஒட்டிக் கிடந்தாள், வண்டி வருகிற பக்கம் பார்த்தபடி. அப்போதும் உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா வந்துக்கினே இருக்கறோம்னு சொன்னாரு" என்றாளாம். அதுதான் அவள் கடைசிப் பேச்சு. பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

சடங்கு முடிந்த பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள்.

முடிந்து ஈர வேட்டியோடு வந்தான். "யாராச்சும் கூப்ட்டாங்களாப்பா?" என்றான்.

"இல்ல. இவ்வளவு தூரம் வந்துட்ட. பரிசல்ல ஒரு சுத்து போயிட்டு வா. சவாரி, சவாரின்னு கெடக்கற."

"அவ தனியா இருக்கறாளேப்பா."

"அவளுக்கென்ன, ராணி. போடா."

போனான். அவன் ஆற்றில் இருக்கும்போது மறுபடியும் பாட்டு நின்றது. இந்தத் தடவை சிவப்பை அமுக்கினேன். விட்ட இடத்திலிருந்து பாட்டு பாடியது. திரும்பவும் வந்தது. திரும்பவும் அமுக்கினேன். அப்புறம் வரவில்லை.

பரிசலில் சுற்றிவிட்டு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு போன் போடட்டுமா என்றான். மலை ரோடு, வளைவு, பேசிக்கொண்டே ஓட்டாதே என்றேன். பென்னாகரம் வந்ததும் நானே வேறு பேச்சை எடுத்தேன். சின்ன வயதில் அவன் கிணற்றில் குதித்த கதை. விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் பேசினான், கார் வாங்க அலைந்ததை, பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்பதை. என் மகன் இவ்வளவு பேசுவான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீடு வரைக்கும் யாரும் குறுக்கே பேசவில்லை.