பழைய கள்ளுக்கடைக்கு எதுத்தாப்புல

சோலைச்சாமி வீடா? பழைய கள்ளுக்கடைக்கு எதுத்தாப்புலன்னு தரகர் சொன்னாரா? சரியாத்தான் வந்திருக்கீய அண்ணாச்சி. கள்ளுக்கடை இருந்த எடந்தான் இந்த டீக்கடை. அந்தா தெரியுது பாருங்க ஓட்டு வீடு, அதுதான். மகனுக்குப் பொண்ணு விசாரிக்கவா? நல்லது. வெயில்ல வந்திருக்கீய, செத்த நேரம் உக்காருங்க. டீ போடுதேன்.

அடையாளமே தெரியலயா? எப்படித் தெரியும்! இருவத்திரெண்டு வருசத்துக்கு முந்தி இந்த ஆத்தங்கரையில ஒரு ஓலக் கொட்டாயும் நாலு குடிசயுந்தான். பொறவு மில்லு வந்துச்சு. சங்கு ஊதுனாத்தான் தெருவே முழிக்கும்னு ஆச்சு. வரிசையா வீடு, சைக்கிள் கட, கரண்டு கம்பம். இந்தக் கொட்டாய்க்கும் ஓல போயி தகரம் வந்துச்சு. போன வருசம் சர்க்காரு கள்ளே கூடாதுன்னுட்டான். அதே பெஞ்சுதான், அதே ஆளுகதான். இப்ப டீயக் குடிச்சுட்டு வீட்டுக்கு நேரா நடந்து போறானுவ, பொண்டாட்டிமாருக்கே அடையாளம் தெரியல.

சிரிக்கீய. நீங்க தொடுறதே இல்லயா? இருவத்திரெண்டு வருசமாவா? அடேயப்பா.

அப்ப என்னையப் பொண்ணு பாக்க சுந்தரபாண்டியத்துலருந்து ஒருத்தர் வண்டி கட்டி வந்தாவ. கூட வந்த மாமன் வெத்தல பாக்கு வாங்கப் போன நேரம், தாகத்துக்கு ஒரு கலயம்னு இங்க நொழஞ்சிருக்காவ. நான் தல நெறைய பூவோட உக்காந்திருக்கேன். மாப்பிள ஆத்து மணல்ல மல்லாக்கக் கெடக்காவ!

எங்க அய்யாவுக்கு வந்துச்சே கோவம். கடையில கள்ளு ஊத்திக்கிட்டிருந்த எங்க அத்த மகனக் கூப்புட்டு, ஏலே சோலைச்சாமி, குடிச்சுக் கெடக்கவனுக்கு ஊத்துறவன் எம்புட்டோ தேவல, நீயே கட்டிக்கோன்னுட்டாரு. கள்ளு ஊத்துறவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு முந்தின வருசம் வெரட்டி விட்டவரும் அவருதான்.

எங்க எந்திரிக்கீய? உக்காருங்க, டீ ஆறுது. ஆமா, அதே சோலைச்சாமிதான் எங்க வீட்டுக்காரவிய. நீங்க விசாரிக்க வந்த இசக்கியம்மா எங்க மகதான். நீங்க என்னையப் பாக்கல, ஆனா மணல்ல கெடந்தப்ப ஊரோட ஊரா நானும் வந்து உங்களப் பாத்தேன். அந்தக் காது மச்சம் ஒண்ணு போதாதா?

தலயக் குனியாதீய அண்ணாச்சி. இம்புட்டு வருசமா உங்க மேலதான் தப்புன்னு நெனச்சிருக்கீயளே, அதத்தான் தாங்க முடியல. நீங்க கேட்டது ஒரு கலயம். ஆறு கலயம் ஊத்துனது அவிய. அம்புட்டும் நல்லாப் புளிச்சது. மாப்பிள வந்து நின்னா நிறுத்தாம ஊத்துன்னு காலையிலயே சொல்லி வச்சது நான்.

இனிப்புப் போதுமா, சம்பந்தி?