நடைத் தேர்வில் ஒரு பேச்சுத்துணை

...சோப்புதான் தங்கச்சி, வேற ஒண்ணும் இல்ல. பயப்படாதே. காலுறைக்குள்ள சோப்புத் தடவிக்கிட்டா கொப்புளம் வராதுன்னு எங்க வீட்டுக்காரர் எங்கயோ படிச்சிருக்காரு. அவரு படிக்காத விஷயம்தான் உலகத்துலயே கிடையாதே. காலையில தானே உக்காந்து ரெண்டு காலுறையிலயும் தேய்ச்சு விட்டாரு. லேசாத் தடவணும்னு போட்டிருந்திருக்கும், இவரு முழுக் கட்டியையும் கரைச்சிட்டாரு. இப்ப வேர்வை பட்டதும் பாரு, அடி எடுத்து வைக்க வைக்க நுரை பொங்குது. பின்னாடி வர்றவங்க என்ன நினைப்பாங்க... வனத்துறைக்கு ஆள் எடுக்கிறாங்களா, ரோடு கழுவ ஆள் எடுக்கிறாங்களான்னு. என்னது, பின்னாடி யாரும் வரலையா? ம்... சரி, விடு. அப்ப நல்லதாப் போச்சு, பாக்க ஆளில்ல.

நீ பேசாதே. மூச்சை மிச்சம் பிடிச்சு வச்சுக்கோ, தலையை ஆட்டினாப் போதும். எனக்குப் பேசினாத்தான் கால் நகரும். இந்தக் கூத்தைப் பாரேன். எழுதத் தெரியுமான்னு பாத்தாங்க, எழுதிட்டோம். பேசத் தெரியுமான்னு பாத்தாங்க, நேர்முகத்துல பேசிட்டோம். இப்ப நடக்கத் தெரியுமான்னு பாக்கிறாங்களாம். ஒரு வயசுல கத்துக்கிட்டதை இந்த வயசுல வந்து நிரூபிக்கணும். பயிற்சிக் கழகத்து வாசல்ல கிளம்பி, இந்த மரத்தோட்டம் பூராவும் சுத்தி, மறுபடி அதே வாசலுக்கு நேரத்துக்குள்ள வந்து சேரணும். ஓடு, நட, உருண்டுகூட வா, கேக்க மாட்டாங்க. நேரம் தாண்டிட்டா எழுதினது, பேசினது எல்லாம் குப்பைக்கூடைக்கு. உனக்கென்ன, சின்னப் பொண்ணு, அடுத்த வருஷம் வந்துக்கலாம். எனக்கு இதோட வயசு வரம்பு முடியுது.

ஏன் மெதுவாப் போறே? கால் வலிக்குதா? பரவால்ல, நானும் மெதுவாவே வர்றேன். உன்னை விட்டுட்டுப் போவேனா.

எதுல விட்டேன்... ஆங், வீட்டுக்காரர். பாரு, எங்க வீட்டுல பரீட்சை எழுதுற ஜாதகம் அவருக்குத்தான். எனக்கில்ல. பொண்ணு பாக்க வந்தப்பவே, பையன் கலெக்டர் பரீட்சை எழுதியிருக்கான், ரிசல்ட்டு வரணும்னுதான் சொன்னாங்க. எங்கப்பா கலெக்டர் மாமனார் ஆயிட்ட மாதிரியே தெருவுல நடந்தாரு. ரிசல்ட்டு வந்துச்சு, கல்யாணத்துக்கு அப்புறம். ஒரு மார்க்கோ ரெண்டு மார்க்கோ குறைச்சல். சரி, அடுத்த தடவைன்னாரு. அடுத்த தடவையும் அதே ஒரு மார்க்கு. கெட்டிக்காரர்தான்மா, அதைக் குறை சொல்ல மாட்டேன். வாசல் வரைக்கும் போவாரு, கதவு மூஞ்சியில சாத்திக்கும். பகல்ல கணக்கெழுதுற வேலை, மிச்ச நேரமெல்லாம் படிப்பு.

படிக்கிற மனுஷன் இருக்கிற வீடு எப்படி இருக்கும் தெரியுமா? சத்தமே கூடாது. காலிங்பெல் ஒயரைக் கழட்டிப் போட்டாரு. குக்கர் விசில் அடிக்கப் போற நேரம் பாத்து நான் ஓடிப்போய் அடுப்பை அணைக்கணும். பாத்திரம் கழுவுறதுன்னா கீழ துணியை விரிச்சு, அதுமேல ஒவ்வொண்ணா, தூங்குற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைக்கணும். எங்க அத்தை, அதான் மாமியார், பாவம், அவங்களுக்கு டிவி சீரியல்னா உசிரு. சத்தத்தைச் சுத்தமா நிறுத்திட்டு, வெறும் படத்தைப் பாப்பாங்க. யாரு என்ன பேசுறாங்கன்னு அவங்களாவே ஒரு கதை கட்டி எங்காதுல குசுகுசுன்னு சொல்லுவாங்க. அந்தப் பொம்பள ஏன் அழுறான்னு நான் கேட்டா, புருஷன் பரீட்சையில ஃபெயிலு, அதான் அழுறாங்கிறாங்க. ஒரு நாள் பக்கத்து வீட்டுல போய் அதே சீரியலைச் சத்தத்தோட பாத்தேன். அந்தப் பொம்பளதான் வில்லியாம். எனக்கு அத்தை கதையே பிடிச்சிருந்துச்சு.

சிரிக்காதே, மூச்சு போயிரும். என்ன, இப்ப வேகமாப் போறே? கால் சரியாயிடுச்சா? நல்லதுதான், வா.

நான் இந்தப் பரீட்சைக்கு எப்படி வந்தேன்னு கேக்கிறியா? கேக்கலைன்னாலும் சொல்றேன். எல்லாம் ஒரு காப்பியாலதான். ஒரு நாள் மத்தியானம், துணியெல்லாம் துவைச்சு முடிச்சு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. சும்மா உக்காந்தா, என்ன சும்மா உக்காந்திருக்கேன்னு அத்தை கேப்பாங்களேன்னு, அவரு மேசை மேல கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்து மூஞ்சிக்கு நேரா விரிச்சு வச்சுக்கிட்டேன். படிக்கல, கண்ணைத்தான் மூடியிருந்தேன். அத்தை உள்ள வந்தாங்க. பாத்தாங்க. அப்படியே கால் விரல்ல நடந்து வெளிய போயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு காப்பி வந்துச்சு தங்கச்சி. தட்டுல வச்சு, மூடி போட்டு. ஃபேனை வேற ஒரு புள்ளி கூட்டிட்டுப் போனாங்க. எனக்கு ஆச்சரியம் தாங்கல. அட, இவ்வளவுதானா விஷயம்? இத்தனை வருஷமா இந்த மனுஷன் இதைத்தான் அனுபவிச்சுட்டிருந்தாரா?

அதுலேருந்து தினமும் மத்தியானம் புத்தகமும் கையுமாத்தான் இருப்பேன். முதல் வாரம் முழுக்கத் தூக்கம். அப்புறம் தூக்கம் தீந்து போச்சு. வேற வழியில்லாம படிச்சேன். அது என்ன புத்தகம்னா, வனத்துறைத் தேர்வு கைடு. அவரு கலெக்டர் பரீட்சை புத்தகம்னு நினைச்சுத் தப்பா வாங்கிட்டு வந்தது. அறிவியல் படிச்சவங்கதான் இதை எழுத முடியும், அவரு படிச்சது வரலாறு. நான் தாவரவியல். படிச்சு முடிச்சு, சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு அம்மா வீட்டுல மாட்டிட்டு, மறந்தே போன தாவரவியல். திறந்தா எல்லாம் எனக்குத் தெரிஞ்ச முகமா இருக்கு. வேர் எப்படித் தண்ணி இழுக்குது, தீப்பிடிச்ச காட்டுல முதல்ல எது முளைக்கும்... கல்யாண வீட்டுல பழைய கூட்டாளிங்களைப் பாத்த மாதிரி இருந்துச்சு போ.

ஒரு நாள் அவரே வந்து பாத்துட்டாரு. எதுக்குப் படிக்கிறேன்னாரு. காப்பிக்காகன்னு சொல்ல முடியுமா? பரீட்சை எழுதப் போறேன்னுட்டேன். வாயில வந்துருச்சு. திட்டுவாருன்னு பாத்தா, அந்த மனுஷன் மூஞ்சி மலந்து போச்சு. அன்னைக்கே உக்காந்து அவரே அப்ளிகேஷன் போட்டாரு. அந்த அப்ளிகேஷன் போட்டோவுல நான் முறைச்சிட்டு இருக்கிறதுக்குக் காரணம் அதுதான், ஸ்டூடியோவுக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு.

ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல ரிசல்ட்டு. எனக்கு வந்துச்சு. அவருக்கு...

இல்ல. மறுபடி இல்ல. அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

அன்னைக்கு எனக்குச் சந்தோஷப்படவும் முடியல, அழவும் முடியல, ரெண்டுக்கும் நடுவுல விக்கல் வந்துருச்சு. அவரு சாயங்காலம் வரைக்கும் படிக்கிற ரூமுக்குள்ளயே இருந்தாரு. அத்தையும் நானும் வெளிய உக்காந்து ஊமை டிவியைப் பாக்கிறோம், அத்தை கதைகூடச் சொல்லல. அப்புறம் உள்ள ஏதோ கிழியிற சத்தம். ஓடிப் பாத்தா, செவுத்துல ஒட்டியிருந்த அவரோட டைம்டேபிளை எடுத்திருக்காரு. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்க வெள்ளையில ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுட்டு இருந்தாரு. மேல எம் பேரு. காலையில நடைப்பயிற்சின்னு முதல் வரி. நேர்முகத்துக்கு இருக்கிற நாள் போதும், நடைக்குத்தான் நாள் பத்தாதுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

கண்ணுல தூசி. இந்த மரத்தோட பூ கொட்டுது பாரு, அதான்.

அன்னைக்கோட என் நிம்மதி போச்சு. விடியுமுன்னே எழுப்பி விட்டுருவாரு. நான் நடப்பேன், அவரு பக்கத்துல சைக்கிள்ல வந்துக்கிட்டே கேள்வி கேப்பாரு. ஒரு கையில ஹேண்டில்பாரு, ஒரு கையில புத்தகம். என்ன ஆனாலும் காலை நிறுத்தக் கூடாது, அதுதான் சட்டம். ஒரு நாள் மண்ணரிப்பைப் பத்திக் கேட்டுக்கிட்டே நேரா காய்கறி வண்டிக்குள்ள விட்டுட்டாரு. தக்காளி அங்க உருளுது, வெங்காயம் இங்க உருளுது, இவரு பூசணிக்காய்க்கு நடுவுல படுத்திருக்காரு. படுத்துக்கிட்டே என்னைப் பாத்து நடடி, நிக்காதேங்கிறாரு. காய்க்காரம்மா திட்டுறாங்க. நான் என்ன பண்ணுவேன்? வண்டியையே சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே தக்காளி பொறுக்கினேன். அந்தம்மாவுக்கு இதுங்க ரெண்டும் புத்தி கெட்டதுங்கன்னு பட்டிருக்கும், காசுகூடக் கேக்காம அனுப்பிட்டாங்க.

இரு, யாரோ பைக்ல வர்றாரு. தொப்பி போட்ட ஆபீசர்... என்னங்க ஐயா? நாங்கதான் கடைசியா? கெடுவுக்குள்ள போய்ச் சேர மாட்டோமா? சரிங்க. சரிங்க ஐயா, நடக்கிறோம்.

கேட்டியா தங்கச்சி? அதிலயும் என்னைப் பாத்து, பேச்சைக் குறைம்மாங்கிறாரு. நானா மெதுவா நடந்தேன்? நீ மெதுவாப் போனே, உனக்காக நானும் போனேன்... என்ன பாக்கிறே? ஓ. நான் முன்னாடி போகட்டும்னு மெதுவாப் போனியா? சொல்லக் கூடாதா? சரி, கோவம் இல்ல. வேகமா நட. நான் நேர்முகத்தை மட்டும் சொல்லி முடிச்சிடறேன், அதுதான் முக்கியம்.

அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. மரத்தைப் பத்தி, மழையைப் பத்தி எல்லாம் கேட்டாங்க, சொல்லிட்டேன். கடைசியில நடுவுல உக்காந்திருந்த பெரியவரு கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு ஒரு கேள்வி கேட்டாரு பாரு. ஏம்மா, நீங்க நல்லாப் பேசுறீங்க, ஆனா காட்டுக்குள்ள போஸ்டிங் போட்டா மாசக்கணக்குல பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இருக்காது, தாங்குவீங்களான்னாரு. அதுக்கு நான்...

ஏய், எங்க ஓடுறே? தங்கச்சி! நான் இன்னும் பதிலே சொல்லலையே. கேள்வியைச் சொல்லிட்டுப் பதில் சொல்லாம எப்படி... ஏய், நில்லு... இந்தப் பொண்ணு... இவ்வளவு தெம்பை வச்சுக்கிட்டா... நொண்டி நொண்டி வந்தே... அம்மாடி... நில்லுடி... அது என்ன வளைவு, வாசலா... யாரு கொடி ஆட்டுறாங்க... நகருங்க, நகருங்க, எனக்கு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை... என்னங்க ஐயா, எதுக்கு விசில் ஊதுறீங்க... விடுங்க, கையை விடுங்க, நான் அவகிட்ட...

என்னது?

முடிஞ்சிருச்சா? நேரத்துக்குள்ளயா? நல்லாப் பாருங்க, என் நம்பரா... அவ நம்பரும்தானே? ரெண்டுமா?

...

தண்ணி கொடுங்க.

எங்க அவ... இந்தா, புல்லுல மல்லாந்து கிடக்கிறே. ஏன் ஓடினே நீ? பேச்சு தாங்காமத்தானே? ஆங், தலையை ஆட்டாதே, தெரியும். நல்லா ஓடினே போ. நீ ஓடலைன்னா நான் இந்நேரம் அந்தத் திருப்பத்துல கதை சொல்லிட்டு நின்னிருப்பேன். அழாதே, பாஸ் பண்ணிட்டோம்டி. எதுக்கு அழுற? சிரிக்கிறியா? என்னன்னு புரியல, எனக்கும் அப்படித்தான் வருது...

என்ன கேட்டே? இப்பத்தான் வாய் திறக்கிறே. அந்தப் பெரியவருக்கு என்ன பதில் சொன்னேன்னா? உனக்கே கேக்கணும்னு தோணிடுச்சா.

ஐயா, நான் கல்யாணமான நாள்லேருந்து குசுகுசுன்னுதான் பேசிட்டிருக்கேன்னேன். எங்க வீட்டுக்காரர் படிக்கிறாரு, அவரு படிப்பு கெட்டுடக் கூடாது, அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா எந்தொண்டையோட முழுச் சத்தம் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சுங்க. காட்டுல ஆள் இல்லன்னா என்ன, மரம் என்னைச் சத்தம் போடாதேன்னு சொல்லுமா? அங்க போய் வாய்விட்டுப் பேசிக்குவேன், நீங்க அனுப்பி மட்டும் விடுங்கன்னேன். அஞ்சு பேரும் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. அவ்வளவுதான்டி, இதைச் சொல்லத்தான் உன்னை அவ்வளவு தூரம் துரத்தினேன்.

வா, கையைக் கொடு, எந்திரி. அங்க வெளி கேட்டுக்கிட்ட ஒரு கூட்டம் நிக்குது பாரு. அதுல சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு எட்டி எட்டிக் குதிக்கிறாரே, அவருதான். உள்ள விட மாட்டேன்னு காவக்காரர் தடுக்கிறாரு. கேக்குதா? எம் பேரைச் சொல்லிக் கத்துறாரு. என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு. கதவைச் சாத்துற சத்தம் கூடாதுன்ன மனுஷன், நடுரோட்டுல நின்னு தொண்டை கிழியக் கத்துறாரு.

என்னது, கையைக் காட்டட்டுமா? சும்மா இரு. கையை இறக்கு.

கொஞ்ச நேரம் கத்தட்டும். நான் இதை ஒரு நாளும் கேட்டதில்ல.