பாதாம் பூக் கிளை

பூப் படத்துக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு, ஐயா. சாமி படம் வாங்க வருகிறவர் தன் சாமியைத்தான் தேடுவார். பூவென்றால் யார் வீட்டுச் சுவரிலும் பொருந்திக்கொள்ளும். ராயபுரத்தில் ஃபிரேம் கடை போட்ட நாளிலிருந்து நான் பார்த்து வருகிறேன். ஊரிலிருந்து வந்த புதிதில் மாதா படத்துக்கும் முருகன் படத்துக்கும் சட்டம் போட்டுத்தான் பிழைத்தேன். ஓட்டல்காரர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள்.

கடைசியாக வந்த ஆர்டரும் ஒரு புது ஓட்டலுக்குத்தான். அறைக்கு ஒரு படம், எல்லா அறைக்கும் ஒரே படம். நூறு வருடத்துக்கும் முன்னால் டச்சுக்காரர் ஒருவர் வரைந்த ஓவியத்தின் அச்சு. நீல வானம், அதற்குக் குறுக்கே பாதாம் மரத்தின் கிளைகள், கிளை கொள்ளாமல் வெள்ளைப் பூ. கான்வாஸ் துணியில் அச்சடித்து, குழாய்களில் சுருட்டி, கப்பலில் வந்து இறங்கின. அசல் ஓவியத்தில் பெயிண்ட் தடிப்புத் தடிப்பாக நிற்குமாம். அச்சு வழவழவென்று காலண்டர் போல இருந்தது. அதனால் தூரிகை போன தடத்திலேயே நிறமில்லாத பசையைத் தடவி, தொட்டால் கைக்குத் தடிப்புத் தெரிகிற மாதிரி செய்து, மேலே வார்னிஷ் அடித்துத் தரச் சொன்னார்கள்.

என் கடையில் அந்த வேலைக்குக் கை வந்தவள் மாயா ஒருத்திதான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பெண். அப்பா பரசுராமன் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். அவளை வேலைக்கு எடுத்தபோது என் மனைவி ரோஸ்மேரி முகத்தைச் சுளித்தாள். நான்தான் அவளை அதட்டினேன். நாம் வேதக்காரர்கள், நமக்கு எதற்கு அந்தப் பேதமெல்லாம் என்றேன். மதியத்தில் எங்கள் வீட்டுச் சோற்றைத்தான் மாயாவும் சாப்பிட்டாள். அவளுக்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் தட்டும் தம்ளரும் நானே வாங்கி வைத்திருந்தேன். எந்த முதலாளி அப்படிச் செய்வார், சொல்லுங்கள்.

எனக்கு ஒரே மகன், ஜெபின். கடையில் என்னோடுதான் இருந்தான். ஊரில் அவனுக்கு ஒரு நல்ல இடம் பேசி வைத்திருந்தோம். அன்றைக்கு அவன் சட்டத்துக்கு மரம் எடுக்கச் செங்கோட்டைக்குப் போயிருந்தான். ரோஸ்மேரி மேலே வீட்டில் படுத்திருந்தாள். கடையில் நானும் மாயாவும் மட்டும்.

சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே மாயா வந்து நின்றாள்.

"முதலாளி, ஓரத்துல கிழிஞ்ச படம் ஒண்ணு கீதுல்ல? அத்த நான் வூட்டுக்கு எட்த்துக்கினு போவட்டா?"

எதற்கு என்று கேட்டேன்.

"தம்பிக்குக் கொயந்த பொறந்துச்சுன்னு சந்தோசத்துல அந்த ஆளு வரைஞ்ச படமாம் இது. ஓட்டல் மேடம் சொன்னாங்க. என் கொயந்த கண்ணு முயிச்சா மொதல்ல அத்தப் பாக்கணும் முதலாளி."

"ஒனக்கு ஏது பிள்ள?"

வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "ஜெபின் தானே வந்து சொல்லிக்கிறேன்னாரு. இன்னாத்துக்கு மறைக்கணும்? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கண்ணாலம் முட்ச்சிட்டோம். உங்க பேரப்புள்ளதான்."

நான் கோபப்படவில்லை, ஐயா. கை ஓங்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கிழிந்த படத்தைத் தாராளமாக எடுத்துக்கொள், மிச்சம் கிடக்கிற படங்களுக்கு வார்னிஷ் அடித்துவிட்டுப் போ என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. திட்டு விழும் என்று பயந்திருப்பாள் போல. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வார்னிஷ் அறை கடைக்குப் பின்னால் இருக்கிறது. துறைமுகத்து நிலக்கரித் தூசி இந்தப் பக்கம் எதையும் விடாது, ஈர வார்னிஷில் படிந்தால் படம் பாழ். அதனால் அந்த அறைக்கு ஜன்னல் வைக்கவில்லை. நெடியை வெளியே இழுக்க ஒரு விசிறி உண்டு. அதன் சுவிட்ச் வெளியே, என் நாற்காலிக்குப் பின்னால்.

வார்னிஷைக் கரைக்கிற தின்னர் டின்னை உள்ளே கொண்டுபோய் வைத்தது நான்தான். மூடி இறுகியிருந்தது, நானே திறந்தும் கொடுத்தேன். வைக்கும்போது டின் சாய்ந்து தரையெல்லாம் ஓடியது. "நான் தொடச்சிக்கிறேன், நீங்க போங்க," என்றாள். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு லேசில் நிற்காது, காற்றுக்குத் திறந்துகொள்ளும். தாழ்ப்பாள் போட்டேன். விசிறிச் சத்தம் யோசிக்கவிடாமல் தொந்தரவாக இருந்தது, அதையும் நிறுத்தினேன்.

யோசிக்க வேண்டியது நிறைய இருந்தது. என் தங்கை பெண்கள் இரண்டு பேர் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். சபையில் என் முகத்தைப் பார்த்து நாலு பேர் பேசுவார்கள். பேசி வைத்த வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டும். மாயா நல்ல பெண்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவள் செல்போன் கல்லாவின் மேல் கிடந்தது. அடித்தது. எடுத்தேன்.

"அப்பா? அவ போன் எப்படி ஒங்ககிட்ட?"

"உள்ள வேலையா இருக்கால. கையெல்லாம் வார்னிஷ். அப்புறமாப் பேசுவா."

"பின்னால என்ன சத்தம்? யாரோ தட்டுத மாதிரி இருக்கு."

"சட்டத்துக்கு ஆணி அடிக்காவ. நீ மரத்தப் பாத்து எடுல. ஈரமா இருந்தா வேண்டாம்னுரு."

போனை வைத்துவிட்டேன். திருமண போட்டோவுக்குச் சட்டம் போட ஒருவர் வந்தார். ஆணி அடிக்கிற சத்தம் என்றே அவரிடமும் சொன்னேன். அவர் போவதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, விசிறியைப் போட்டு, கதவைத் திறந்து, ரோஸ்மேரியைக் கூப்பிட்டேன். மாயா கதவை ஒட்டிக் கிடந்தாள். படங்கள் ஒன்றும் பழுதாகவில்லை.

எல்லோரும் விபத்து என்றுதான் நம்பினார்கள். பரசுராமன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், நடிப்பில்லை. அடக்கத்துக்கு முன்வரிசையில் நின்றேன். ஜெபின் மட்டும் என் பக்கம் வரவில்லை. அன்றைக்குக் கடையில் ஆணி அடிக்க யார் இருந்தார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பிறகு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டான். பெற்ற மகன் நேரில் கேட்டதற்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் உங்களிடமும் மறைக்கவில்லை. ஆம், நான்தான் செய்தேன்.

உள்ளிருந்து அவள் கூப்பிட்டாளா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டாள். நன்றாகவே கேட்டது. முதலாளி என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் ஓடிப்போய்த் திறந்திருப்பேன், ஐயா. அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை நான். அவள் மாமா, மாமா என்றல்லவா கூப்பிட்டாள். என்னை அப்படிக் கூப்பிட அந்த அறையில் மருமகள் யாரும் இல்லையே.