முந்நூற்று ஐம்பது வாட்

மாலை ஏழே கால் மணி. மோகாவிலிருந்து சால்செதோ போகும் சாலையில், கொக்கோ தோட்டங்களுக்குள் பிரிகிற மண்பாதை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வழியில் ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை. காயப்போட்ட கொக்கோ விதையின் புளித்த வாடை மட்டும்… அந்தப் பாதையில் ஒரு பெண், அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நடந்து வந்தாள்.

பெயர் தில்சியா. இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் மாரிபெலுக்குச் சித்தி முறை. எங்காவது தப்பாகச் சொன்னால் மாரிபெல் திருத்தட்டும்.

பெட்டியில் இருந்தது ஒரு சின்ன யுபிஎஸ். தில்சியா ஒரு பயண நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே டிக்கெட் பதிவு செய்துகொண்டிருந்தாள். கரண்ட் போனால் இன்டர்நெட்டும் போகும், பதிவு பாதியில் நிற்கும். இன்னொரு முறை இப்படி ஆனால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் தொன் பாபிலோவின் பேட்டரிக் கடைக்குப் போனாள். அந்த ஊரில் மரியாதைக்கு ஆண்களைத் தொன் என்பார்கள், பெண்களைத் தோன்யா.

அவர் யாருக்கும் சும்மா பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடமாட்டார். என்னென்ன ஓட வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், இந்த இரண்டையும் கேட்டுத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பார். மோடம் பதினைந்து வாட். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே போதும். அப்படியானால் சின்னதே நான்கு மணி நேரம் தாங்கும் என்றார். முன்பக்கத் திரையைக் காட்டினார். மேலே இருக்கும் எண், இப்போது எவ்வளவு வாட் போகிறது. கீழே இருப்பது, இன்னும் எத்தனை நிமிஷம். அவ்வளவுதான். பிறகு அவரே பெட்டியை வாசல்வரை தூக்கி வந்து கொடுத்தார். வேறு யாருக்கும் அப்படிச் செய்கிறவர் இல்லை.

காரணம் இருந்தது. போன வருஷம் இதே கடையில்தான் தில்சியா இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் வாங்கினாள். அது அவள் புருஷன் எவாரிஸ்தோவின் ஆக்சிஜன் மிஷினுக்கு. இருபது வருஷம் சலவைக்கல் அறுத்தவன். நெஞ்சு முழுக்கத் தூசி. மூக்கில் குழாய் இல்லாமல் படுக்க முடியாது. அன்றைக்கும் தொன் பாபிலோ எத்தனை மணி நேரம் என்று கேட்டார். ராத்திரி முழுக்க என்று சொல்லுங்கள் என்றான் எவாரிஸ்தோவின் தம்பி ஒனேசிமோ. தில்சியாதான், எங்கள் பக்கம் நான்கு மணி நேரத்துக்கு மேல் போனதே இல்லை, இரண்டு பேட்டரி போதும் என்றாள். அது அப்போது உண்மைதான்.

மார்ச் மாதம் ஒரு ராத்திரி ஏழு மணிக்குப் போன கரண்ட் விடியற்காலை ஆறு மணிக்குத்தான் வந்தது.

இன்வெர்ட்டர் கத்தியிருக்கிறது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. மூன்று நாள் கண் மூடாதவள்… தூக்கத்தில் அதை யாரோ சாலையில் லாரியைப் பின்னால் எடுக்கிற சத்தம் என்று நினைத்தாள். விழித்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தலையணையில் சாய்ந்தபடி எவாரிஸ்தோ உட்கார்ந்திருந்தான். குழாய் மூக்கிலேயே இருந்தது. மூலையில் அவசரத்துக்கு வைத்த சிலிண்டர், முழுசாக, சீல் உடைக்காமல்.

அவள் அழவில்லை. ஒன்பது நாள் ஜெபத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் இஞ்சித் தேநீர் கொடுத்தாள், நாற்காலி போட்டாள், எடுத்து வைத்தாள். தைரியசாலி என்றார்கள். மரத்துப்போன கையில் சூடு பட்டால் தெரியாது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகியிருந்தது. மிஷினை ஆஸ்பத்திரிக்காரர்கள் திரும்ப எடுத்துப் போனார்கள். இன்வெர்ட்டரை ஒனேசிமோ கழற்றிக்கொண்டு போனான். சுவரில் நான்கு ஆணித்துளைகள் மிச்சம்.

புது யுபிஎஸ்ஸைப் படுக்கையறை மேசையில் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றினாள். மறுநாள் மாலை கரண்ட் போனது. டிக்… பீப். நான்கு விநாடிக்கு ஒரு பீப். திரையைப் பார்த்தாள்.

முந்நூற்று அறுபத்தைந்து வாட். எட்டு நிமிஷம்.

மோடத்தைப் பிடுங்கினாள். முந்நூற்று ஐம்பது. யுபிஎஸ்ஸின் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஒரு ஒயர் இல்லை. எல்லா ஓட்டையும் காலி. ஏழு நிமிஷம்… ஐந்து… இரண்டு… பிறகு நிற்காத ஒரே கத்தல். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கரண்ட் இருக்கும்போது திரையில் வெறும் பூஜ்யம்.

கடைக்கு எடுத்துப் போனாள். தொன் பாபிலோ ஒரு பதினைந்து வாட் பல்பை மாட்டினார். பதினைந்து என்றே காட்டியது. மதியத்திலிருந்து கடை மூடும்வரை எரிந்தது. குறை ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் மனசு கேட்காமல் வேறு புதுசு மாற்றிக் கொடுத்தார். அதுவும் அவள் வீட்டில் முந்நூற்று ஐம்பதுதான்.

அப்புறம் ஒனேசிமோ வந்தான். எலெக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிய மீட்டரோடு வந்தான். கரண்ட் போகக் காத்திருந்து, யுபிஎஸ்ஸின் ஓட்டை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தான். எதிலிருந்தும் எதுவும் போகவில்லை. ஆனால் நிமிஷம் குறைந்துகொண்டே இருந்தது. குனிந்து திரையைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். ஆக்சிஜன் மிஷினின் பின்பக்கத்து ஸ்டிக்கரில் இதே முந்நூற்று ஐம்பதைப் படித்து, இன்வெர்ட்டர் வாங்கத் தாளில் குறித்துக் கொடுத்தவனே அவன்தான்.

“அண்ணி… இது வீட்ல வேணாம். குடுங்க, நான் ஆத்துல போட்டுட்டு வர்றேன்.”

தில்சியா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எட்டு நிமிஷந்தான் வருது, ஒனேசிமோ.”

“என்ன சொல்றீங்க?”

“எட்டு நிமிஷம் எப்படிப் பத்தும்?”

அந்த வாரமே எவாரிஸ்தோவின் பழைய பிக்கப்பை விற்றாள். நேராகத் தொன் பாபிலோ கடை. அவர் வழக்கம்போலத் தாளை எடுத்தார், என்னென்ன ஓட வேண்டும் என்று கேட்டார். அவள் முந்நூற்று ஐம்பது வாட் என்றாள். எத்தனை மணி நேரம் என்றார். பன்னிரண்டு என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. பிறகு எழுதினார்.

“ஆறு பேட்டரி, தோன்யா. ஒண்ணுகூடக் கம்மி பண்ண வேணாம்.”

“பண்ணல.”

பின்கட்டில் இரும்புத் தட்டு அடித்து ஆறையும் அடுக்கி, பக்கத்தில் ஒரு புது இன்வெர்ட்டரும் மாட்டினார்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஏறும்போது அழுகின முட்டை நாற்றம் வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அளவு காட்டும் திரையை மட்டும் அவள் கேட்டபடி கட்டில் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள், பழைய ஆணித்துளைகளிலேயே.

முதல் சோதனைக்கு அதிக நாள் ஆகவில்லை. ஆறு நாற்பதுக்கு ஊரே அணைந்தது. சுவரில் எண் வந்தது. முந்நூற்று ஐம்பது. தில்சியா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்கில் காபி. ஜன்னல் திறந்திருந்தது. தவளைச் சத்தம்… பின்கட்டில் இன்வெர்ட்டரின் மெல்லிய ரீங்காரம். வேறொன்றும் இல்லை. விரிப்பு அசையவில்லை. யாரும் கூப்பிடவில்லை. பேய் என்று சொல்ல ஒரு நிழல்கூட இல்லை. இரண்டு மணிக்கு மேல் ஒரு வாடை மட்டும் வந்தது. சூடேறிய ரப்பர் குழாய் வாடை… அது கட்டிலின் தலைமாட்டுப் பக்கமிருந்து வந்தது, வந்தபடியே இருந்தது.

அவள் பயப்படவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. பேட்டரியில் மிச்சமிருக்கும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது. நாற்பத்தொன்று. முப்பது. கண் சொருகும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

ஐந்து ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது. எண் பூஜ்யத்தில் விழுந்தது. பேட்டரியில் இருபத்திரண்டு சதவீதம் மிச்சம். தாங்கிவிட்டது. எழப் பார்த்தாள், முடியவில்லை. கால் மரத்திருந்தது. ரத்தம் இறங்க இறங்க ஊசி குத்துவது போல வலித்தது. அத்தனை மாதத்தில் அவளுக்கு வலித்தது அது ஒன்றுதான் என்று பிறகு மாரிபெலிடம் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ராத்திரி. கரண்ட் இருந்தால் தூங்குவாள். போனால் உட்காருவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்வெர்ட்டர் இருக்கிறதே, ஒரு டிவியாவது போடக்கூடாதா என்பார்கள். அவள் ஒரு பல்பைக்கூட அதில் மாட்டவில்லை. மெழுகுவர்த்திதான். மோடமும் மாட்டவில்லை. வேலை போய்விட்டது. சால்செதோவில் ஒரு ரொட்டிக்கடையில் பகல் வேலைக்குச் சேர்ந்தாள்.

செப்டம்பரில், புயலுக்கு மறுநாள். கரண்ட் போனது. சுவரில் எழுநூறு.

விடிவதற்குள்ளேயே பேட்டரி தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. ஒனேசிமோவைப் போனில் எழுப்பினாள். அவன் தன் வீட்டு பேட்டரி இரண்டையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மழையில் வந்தான். மாட்டி முடித்துவிட்டு அறை வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. கட்டிலையும் பார்க்கவில்லை.

“ஒண்ணு எங்க அண்ணன். சரி. இன்னொண்ணு யாரு அண்ணி?”

“தெரியல.”

“கேக்கலையா நீங்க?”

“கேட்டு என்ன பண்ண? விடியற வரைக்கும் தாங்கணும். அவ்வளவுதான்.”

அந்த மாதமே பேட்டரி பன்னிரண்டு ஆனது. பின்கட்டில் இடம் போதாமல் சமையலறை வரைக்கும் வந்தது. ஒனேசிமோவும் வாரம் ஒருமுறை வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறான். இப்போது ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம், சரியாக மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ராத்திரி. எழுநூறுதான் முதலில் காட்டியது. பதினொன்றரை மணிக்கு எண் அசைந்தது. எண்ணூற்று இருபது. தில்சியா கிட்டே போய் மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பார்த்தாள். எண்ணூற்று இருபது. நிலையாக.

விடிந்ததும் தொன் பாபிலோவைக் கூப்பிட்டாள். நூற்று இருபது வாட் எது இழுக்கும் என்று கேட்டாள். அவர் தூக்கக் கலக்கத்தில் டிவி, பெரிய ஃபேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் அதெல்லாம் இல்லை, ஆக்சிஜன் மிஷினில் என்றாள்.

போனில் ஏதோ காகிதம் புரளும் ஓசை… நின்றது. மறுபடி புரண்டது.

“அவ்வளவு சின்னது… கைக்குழந்தைங்களுக்கு வெக்கிறது, தோன்யா.”