தெளிகிற வரை கழுவ வேண்டும்

மேடம், மீன் தொட்டிக்கென்று கடையில் விற்கும் கலர் மணலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நீலம், ரோஸ், பச்சை என்று பளபளப்பாக இருக்கும். கொலு வைக்க ஆகும், செடி வளர்க்க ஆகாது. சாயம் தண்ணீரில் இறங்கிவிடும்.

போன வாரம் குன்னூர் மார்க்கெட்டில் நீங்களாகவே நின்று கேட்டீர்கள், குவார்ட்டர்ஸில் தொட்டி வைக்கப்போகிறேன், என்ன மணல் போடலாம் என்று. என் மச்சினன் கீர்த்திவாசன் எங்கள் வீட்டில் இறந்தபோது விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் ராஜகுமாரி மேடம், எங்கள் தொட்டியை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விபத்து என்று எழுதி அந்த விசாரணையை முடித்தும் விட்டீர்கள். அதனால்தான் சாவகாசமாகப் பேசலாம் என்று ஸ்டேஷனுக்கே வந்துவிட்டேன். மணலைப் பற்றிச் சொல்லும்போது மற்றதும் நடுவில் வரும். எதையும் அரைகுறையாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இந்த வசந்தகுமாரைப் பற்றி எங்கள் டீ பேக்டரி ஆபீஸில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள்.

ஆற்று மணல்தான் நல்லது. நான் மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையிலிருந்து இரண்டு சாக்கு அள்ளி வந்தேன். அது சட்டப்படி தப்பு என்று தெரியும். முதல் குற்றமாக அதை எழுதிக்கொள்ளுங்கள். கடல் மணல் கூடாது. சிப்பித் தூள் கலந்திருக்கும், தண்ணீரின் குணத்தையே மாற்றிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி மணலில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாம். வீடு கட்டும் எம்-சாண்டும் வேண்டாம். முனை கூர்மையாக இருக்கும், அடியில் மேயும் மீன்களின் மீசை தேய்ந்துபோகும். பருமன் ரவை அளவு இருந்தால் போதும். மைதா மாதிரி இருந்தால் இறுகிப்போகும்.

அடுத்தது கழுவுவது. எல்லோரும் தப்புச் செய்கிற இடம் இதுதான். இரண்டு தண்ணீர் அலசிவிட்டுக் கொட்டிவிடுகிறார்கள், பிறகு ஒரு மாதம் தொட்டி கலங்கிக் கிடக்கிறது என்று அழுகிறார்கள். பேசினில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கையால் கிளறிக் கிளறி ஊற்ற வேண்டும். தெளிகிற வரை கழுவ வேண்டும்.

எங்கள் வீட்டில் கழுவியது என் மனைவி சுசீலா. பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து கழுவுவாள். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். “இன்னும் தெளியல” என்பேன். அவள் மறுபடி குழாயைத் திறப்பாள். கார்த்திகையில் குன்னூர்க் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் விரல்கள் சிவந்து வீங்கின, கணுவில் வெடித்தன. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னேன். அக்கறை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. தெளிந்த பிறகும் தெளியவில்லை என்று சில நாள் சொல்லியிருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை. ஒரு வேலையை எடுத்தால் முழுதாகச் செய்கிற பழக்கம் வர வேண்டும் அல்லவா?

அதற்கு முன்பு அவள் இங்கே குன்னூரிலேயே பெட்போர்டு பக்கம் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே மனசு லயிக்கிற மாதிரி ஒன்று இருக்கட்டும் என்றுதான் தொட்டியே வாங்கினேன்.

கீர்த்தி கோயமுத்தூரிலிருந்து வந்தான். போனில் அவள் என்ன சொன்னாளோ தெரியாது. மலைப்பாதை வளைவெல்லாம் வாந்தி எடுத்து, முகம் வெளிறி, நடுங்கிக்கொண்டு வந்து இறங்கினான். அக்காவின் கையைப் பிடித்தவன் விடவே இல்லை.

“ஏனுங் மாமா, என்னங்க கை இது? இந்தக் குளுர்ல மண்ணக் கழுவச் சொல்லுவாங்களா?”

“மண்ணு இல்ல மாப்ள, மணலு” என்றேன்.

நான் தமாஷாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“அக்காவக் கீழ கூட்டீட்டுப் போறனுங்க.”

கீழே என்றால் எங்களுக்குச் சமவெளி. பிரசவத்துக்கும் நோம்பி பண்டிகைக்கும் பெண்கள் கீழே போவார்கள், வருவார்கள். அதனால் “எத்தன நாளைக்கு?” என்று கேட்டேன். அவன் அக்காவைப் பார்த்தான்.

“இனி வர்லீங்க” என்றாள் சுசீலா.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஒன்றை முடிவாகச் சொன்னது அன்றுதான். ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. “சரி, போயிட்டு வாங்க” என்றேன். காபிகூட நான்தான் போட்டேன்.

அன்று பிடித்த மழை உங்களுக்கே ஞாபகம் இருக்குமே. பர்லியாருக்கு மேலே மண் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டார்கள். கரண்டும் போய்விட்டது. மறுநாளும் பஸ் இல்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் ரோடு திறந்துவிடும் என்று சொன்னார்கள். சுசீலா பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் பராமரிப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். மணலைப் போட்டதோடு வேலை முடியாது. முன்பக்கம் இரண்டு விரல் உயரம், பின்பக்கம் நான்கு விரல். அதற்குமேல் போனால் அடியில் காற்றுப் போகாது. காற்றுப் போகாத இடத்தில் மணல் கறுத்துவிடும், உள்ளே கெட்ட வாயு தங்கும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய குச்சியால் அங்கங்கே குத்திவிடுங்கள். குமிழி வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். மணலுக்குள்ளேயே புதைந்து திரிகிற சின்ன நத்தைகள் கிடைக்கும், அவற்றை விட்டால் பாதி வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது மலையில் பிறந்தவனுக்கு வேறு விதத்திலும் தெரியும். குமுட்டி அடுப்பில் கரி போட்டுக் குளிர்காய்வது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. திறந்த இடத்தில் மட்டும்தான். அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கீழே இருந்து வருகிறவர்கள் மட்டும், புகை அடங்கிக் கரி சிவந்துவிட்டால் இனி ஆபத்தில்லை என்று நினைத்து உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். புகை வந்தாலாவது இருமி எழுந்துவிடலாம். சிவந்த கரி விடும் காற்றுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

பஸ் இல்லாத அந்த மறுநாள் மதியம், தலைசுற்றல் இன்னும் விடவில்லை என்று கீர்த்தி வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு தொட்டி இருக்கும் அறையில் படுத்தான். எங்கள் வீட்டில் வேறு கட்டில் இல்லை. சுசீலாவிடம் ஒரு பேசின் மணலைக் கொடுத்து, “போறதுக்கு முன்னால இத மட்டும் கழுவிக் குடுத்துட்டுப் போ, பின்பக்கம் கொஞ்சம் பத்தல” என்றேன்.

“சரிங்க” என்றாள். கடைசி முறை என்பதால் முகத்தைச் சுளிக்காமல் போனாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. குழாயடியில் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

கரண்ட் இல்லாததால் தொட்டியின் ஹீட்டர் ஓடவில்லை. தண்ணீர் சில்லிட்டுக்கொண்டு வந்தது. வெதுவெதுப்பு இல்லாவிட்டால் இந்த ஜாதி மீன்கள் இரண்டு நாள் தாங்காது. என் கவலை அதுதான். முன்வாசலில் எரிந்துகொண்டிருந்த குமுட்டியை, புகை அடங்கிய பிறகு, தூக்கிக்கொண்டு வந்து தொட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்தேன். கீர்த்தி ஒரு முறை கண்ணைத் திறந்தான்.

“என்னங் மாமா?”

“குளுருதில்ல மாப்ள, தூங்கு” என்றேன்.

“தேங்ஸுங் மாமா” என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது. சூடு வீணாகக் கூடாது என்று வென்டிலேட்டரில் ஒரு கரிச் சாக்கைத் திணித்தேன். கதவைச் சாத்தினேன். கொண்டி போடவில்லை. பிறகு ஹாலில் உட்கார்ந்து, குழாயடியில் மணல் கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசின் தண்ணீரை டம்ளரில் வாங்கிப் பார்த்தேன். இன்னும் தெளியவில்லை என்று திருப்பி அனுப்பினேன். அப்படிப் பல முறை அனுப்பினேன். பொழுது சாய்கிற நேரத்தில் நான் உள்ளே போய்ச் சாக்கை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் “தெளிஞ்சிருச்சு” என்று சொன்னேன். தம்பிக்குக் காபி எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனாள்.

நீங்கள் வந்தீர்கள். “கீழ இருந்து வந்தவருங்களா?” என்று கேட்டீர்கள். “ஆமாங்க, கோயமுத்தூருங்க” என்றேன். அதில் பொய் இல்லை. “பாவம், தெரியாம உள்ள எடுத்துட்டுப் போயிருக்காரு” என்றார் உங்கள் கான்ஸ்டபிள். அதற்குமேல் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

சுசீலா போகவில்லை. அவளைக் கூட்டிப்போக வேறு யாரும் இல்லை. பையைப் பிரித்துத் துணிகளைப் பீரோவில் அடுக்கிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரித்தூள் ஒட்டிய சாக்கை மட்டும் கொடியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மடித்து எங்கோ வைத்துவிட்டாள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் மணல் கழுவுகிறாள் மேடம். நான் சொல்லவில்லை. தொட்டியில் மணல் நிறைந்துவிட்டது, தேவையும் இல்லை. அதே ஒரு பேசின் மணல். நான் ஆபீஸ் போகும்போது அந்தச் சத்தம் கேட்கிறது, திரும்பி வரும்போதும் கேட்கிறது. போதும் விடு என்று கெஞ்சிவிட்டேன். அவள் டம்ளரில் தண்ணீரை மொண்டு என் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறாள்.

“இன்னும் தெளியலைங்க” என்கிறாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. அவள் குரலில் கோபமும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த அறைக்குள் தனியாகப் போக முடியவில்லை. தொட்டியின் கட்டில் பக்கத்து மூலையில், மணலிலிருந்து சீராகக் குமிழி வருகிறது, விட்டு விட்டு, தூங்குகிறவன் மூச்சு மாதிரி. குச்சியால் அடி வரைக்கும் குத்திவிட்டேன். நத்தைகளும் விட்டேன். நிற்கவில்லை. வீட்டில் எல்லா ஜன்னலையும் திறந்தே போட்டிருக்கிறேன். பனி உள்ளே வந்து படுக்கை நனைகிறது, ஆனாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது. நீங்கள் ஒரு முறை வந்து, போலீஸாக வந்து, தெளிந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்பாள். நடந்தது தெரிந்தே செய்ததில்லை என்றும் சொல்லுங்கள். தண்ணீர் ஆறிவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்பில் செய்ததுதான். ஒரு உயிரைக் காப்பாற்றப்போய் இன்னொன்று போய்விட்டது, அவ்வளவுதான்.

எழுதிக்கொள்கிறீர்கள், நல்லது. மணல் விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புது மணல் போட்ட தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. அவசரப்பட்டால் அத்தனையும் செத்து மிதக்கும். செடியை மட்டும் நட்டு ஒரு மாதம் சும்மா விட வேண்டும். நாங்களும் அப்படித்தான் விட்டிருந்தோம். கீர்த்தி படுத்திருந்த அன்று அந்தத் தொட்டியில் ஒரு மீன்கூடக் கிடையாது.