என் முழங்காலில் பட்ட பந்து

அன்று சாயங்காலம் மச்சான் காபியில் சர்க்கரை போதவில்லை என்று சொன்னார். போதவில்லைதான். அவருடைய தங்கை, அதாவது என் மனைவி, அண்ணனுக்கு அளந்துதான் போடுவாள். தைக்கக் கொடுத்த துணியை வாங்கி வருகிறேன் என்று அவள் படியிறங்கியதும், நான் இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அவர்மேல் எனக்கு இருந்த பிரியத்தை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருந்தார். நான் பிழை திருத்துபவன். அச்சகத்துக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. மைதானத்தில் 'டா' போட்டுத்தான் பேசிக்கொள்வோம். அவர் தங்கையை நான் கட்டிக்கொண்ட பிறகு, அவரைத் திட்டுவதானாலும் 'ங்க' சேர்த்துத் திட்ட வேண்டியதாயிற்று.

தொழிற்சாலைகளுக்கு இடையே நடக்கும் கோப்பைப் போட்டியில் ஒரே ஒரு வருடம் இறுதி ஆட்டம் வரைக்கும் போனோம். என் தலையில் முடி இருந்த காலம் அது. மழை பெய்து மைதானம் முழுக்கச் சேறு. வலது மூலையிலிருந்து பந்து வந்தது. மச்சான் எகிறித் தலையால் முட்டினார். இதுவரைக்கும் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்துதான். முட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. வழியில் என் முழங்கால் இருந்தது. அதில் பட்டுத் திரும்பி வலைக்குள் போயிற்று. ரெஃப்ரி மச்சானின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அணியே அவரைத் தோளில் தூக்கியது. கூட்டத்தோடு நானும் அவருடைய ஒரு காலைப் பிடித்துத் தூக்கினேன்.

அச்சகத்தின் செய்தி இதழில் 'தலையால் முட்டிய அற்புதக் கோல்' என்று போட்டார்கள். அந்தப் பக்கம் என் மேசைக்குத்தான் வந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தெரிந்தே நான் அச்சுக்கு விட்ட தவறு என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். பிழை திருத்துகிறவனுக்கு அது எப்படி அரிக்கும் என்று மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைதோறும் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பாட்டு மேசையில் அந்தக் கோலை மறுபடி போட்டுப் பார்ப்போம். உப்பு ஜாடிதான் கோல்கீப்பர். டம்ளர்கள் எதிரணி. எலுமிச்சம்பழம் பந்து. அவர் பழத்தை நேராக உள்ளே உருட்டுவார். நான் நடுவில் விரலை வைப்பேன்.

"விரலை எடு மாப்ளே."

"அது விரல் இல்ல மச்சான், என் முழங்கால்."

"உன் முழங்கால் அங்க எதுக்கு வந்துச்சு? வேடிக்கை பார்க்கவா?"

"நீங்க முட்டுனது வெளிய போனதாலதான் வந்துச்சு."

சமையலறையிலிருந்து என் மனைவி, "அடுப்புல இருக்கிறதுக்கு உப்பு போடணும், அந்தக் கோல்கீப்பரைக் கொஞ்சம் அனுப்பி வைங்க" என்பாள். இருபது வருடங்களாக இந்த வீட்டில் எல்லாரும் இப்படிச் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

மச்சானுக்கு ஆட்ட நாட்களில் ஒரு பழக்கம் உண்டு. எதிராளியின் காற்றுப் பட்டாலே விழுந்துவிடுவார். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருளுவார். பெனால்டி கிடைத்ததும் எழுந்து ஓடுவார். அணியில் அவருக்கு வாழைமரம் என்று பெயர். வயதான பிறகும் அதை விடவில்லை. மேசை விவாதத்தில் தோற்கப் போகிறார் என்றால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார், இல்லாவிட்டால் இருமுவார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவேன். குடித்துவிட்டு, "சரி, தலைனு முடிவாச்சுல்ல?" என்பார்.

அதனால் அன்று அவர் எலுமிச்சம்பழத்தைக் கீழே விட்டுவிட்டு, "மாப்ளே, நெஞ்சை அடைக்குது" என்று சொன்னபோது, "எழுந்திருங்க மச்சான், ரெஃப்ரி பார்க்கலை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கிழவர் எதை வேண்டுமானாலும் நடிப்பார். வியர்வையை நடிக்கத் தெரியாது. ஆகவே, நடிப்பு என்று நினைத்து ஏமாந்தேன் என்று நான் சொல்லப் போவதில்லை. வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஃபோனை உடனே கையில் எடுத்தேன். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

"கூப்பிடறேன் மச்சான். அதுக்கு முன்னாடி ஒரே வார்த்தை. தலையா, முழங்காலா?"

"மாப்ளே... கூப்பிடு."

"கூப்பிடத்தான் எடுத்திருக்கேன். நீங்க சொன்னதும் கூப்பிட்டுடறேன்."

அவர் பிடிவாதக்காரர். அது அந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம். என் மனைவியைப் பார்த்தால் தெரியும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நானும் அவசரப்படுத்தவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டேன். விசிறினேன். கடைசியில் உதட்டை அசைத்தார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"தலை" என்றார்.

அதற்குப் பிறகுதான் எண்களை அழுத்தினேன்.

கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கொஞ்சம் என் கையில்தான் இருந்தது. அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று என் மனைவி கேட்டாள். உன்னைத்தான் கேட்டார் என்றேன். அழுகையின் நடுவிலும் அவள் முகம் மலர்ந்தது. ஒரு பொய்யால் இவ்வளவு நன்மை நடக்குமென்றால், மச்சானும் எனக்காக ஒன்று சொல்லியிருக்கலாம். அதுவும் அவர் சொல்ல வேண்டியது பொய்கூட இல்லை.

அச்சகத்துப் பழைய ஆட்கள் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். மச்சான் முட்டியதையும், பந்து விலகியதையும், என் முழங்காலில் பட்டு உள்ளே போனதையும் நிதானமாக விவரித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் கைகூடத் தட்டினார். நான் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். "விரலை எடு மாப்ளே" என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சனிக்கிழமைகளில் இப்போது மேசையைத் துடைத்து வைத்துவிடுகிறாள் என் மனைவி. எலுமிச்சம்பழம் வாங்குவதில்லை. அவள் தூங்கும்போது சில சமயம் நான் டம்ளர்களை மட்டும் அடுக்கிப் பார்ப்பேன். முட்டுவதற்கு ஆள் இல்லாமல் என் முழங்காலுக்கு வேலை இல்லை.

நான் அவரைக் கொல்லவில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். ஒரு பிழையைத் திருத்தினேன். இனி அந்தக் கோல் யாருடையது என்பதில் இந்த உலகத்தில் கருத்து வேறுபாடு கிடையாது.

அந்த இறுதி ஆட்டத்தில் நாங்கள் நாலுக்கு ஒன்று என்று தோற்றோம்.